சூடு வந்த பக்கம்

எட்டு போட்டுத்தான் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், நேராக இழுத்தால் கோடு விழும். லைசென்ஸ் எடுக்க வந்தவர்கள் ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஸ்கூட்டரில் எட்டு போடுகிறார்களே, அதே எட்டுதான், உள்ளங்கை அகலத்துக்குள். கண்ணாடித் தட்டின்மேல் இறுக்கி ஒட்டிய துணி, துணியின்மேல் மோர் மாதிரி அலுமினாப் பொடி கரைத்த தண்ணீர், அதன்மேல் என் மூன்று விரல்களுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு ரெசின் கட்டி, கட்டிக்குள் கல். மூலையில் மெருகு மெஷின் ஒன்று நிற்கிறது, பட்டனைத் தட்டினால் தானே சுற்றும், மற்றவர்கள் எல்லாரும் அதில்தான் தேய்க்கிறார்கள், நானும் வேறு கல் என்றால் அதில்தான் தேய்ப்பேன். பிஸ்மத் இருக்கிற கல்லைத் தர மாட்டேன். பிஸ்மத் உலோகம்தான், ஈயத்துக்குப் பக்கத்து வீடு, கனத்திலும் குறைச்சல் இல்லை, ஆனால் நகம் பட்டாலே கோடு விழுகிற மென்மை. மெஷின் அதை அப்படியே பிய்த்து எறிந்துவிட்டுக் குழியை மட்டும் நமக்குக் காட்டும். கைக்குத்தான் தெரியும் எங்கே அழுத்தம் போதும் என்று. இந்தச் சேலம் லேபில் பிஸ்மத் என்றால் அங்கயற்கண்ணி என்பது எழுதாத சட்டம். நானாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைக்கலாம். நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் இதுவரை யாரும் மறுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம். அதற்குள் இதை முடித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து நல்லதாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அவசியம் என்று இல்லை, ஏற்கெனவே ஐப்பசியில் வந்த முதல் கல்லின் படங்கள் இருக்கின்றன, போன மாதமே திரையில் போட்டுக் காட்டி பெர்னார்டு சாரின் வாயைப் பிளக்க வைத்தாகிவிட்டது. அவர் கம்பெனியின் சுரங்கத் தேடல் பிரிவுக்குத் தலைவர், எதற்கும் சீக்கிரம் வாயைப் பிளக்காதவர், அன்றைக்கு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தார். "மேடம், உங்க கண்ணு சொன்னா கம்பெனி துளை போடும்" என்றார். அந்தப் படங்களே போதும். ஆனாலும் முதல் கல்லில் ஓரம் கொஞ்சம் மங்கல், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அதே கோரின் மறுபாதியிலிருந்து ஒரு துண்டு கொண்டு வரச் சொன்னேன். கோர் என்றால் மலையைத் துளையிட்டு உருவி எடுக்கிற கல் உருளை. அதை நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டாகப் பிளப்போம், ஒரு பாதி லேபுக்கு, ஒரு பாதி பெட்டியில் பத்திரமாக ஷெட்டில் கிடக்கும். மலை முகாமிலிருந்து ஜீப்பில் இந்த மறுபாதித் துண்டைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி. இப்போது வராந்தாவில் டீ குடித்துக்கொண்டு யாரிடமோ பெரிய குரலில் பேசிக்கொண்டிருப்பவரும் அவர்தான். துளையிடும் ஜியாலஜிஸ்ட். இந்தக் கதவு தேக்கு, ஆனால் தனுஷ்கோடியின் குரலுக்குத் தேக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அந்த மலைக்குப் போனவர், இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், இவர் இன்னும் அங்கேதான். எத்தனையோ துளை போட்டார். ஈயம் கிடைத்தது, பிஸ்மத் கிடைத்தது, தங்கம் மட்டும் இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று கண்ணாமூச்சி ஆடியது. வடக்கே கிரானைட் இருக்கிறது, அதன் ஓரத்தில்தான் தங்கம் குவிந்திருக்கும், அங்கே ஆழமாக ஒரே ஒரு துளை போட விடுங்கள் என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார். எல்லாக் கூட்டத்திலும் அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார்கள். இந்த வருஷம் அப்படிச் சொல்ல முடியாது. துளை போட வேண்டும், இல்லையென்றால் பங்குனியோடு முகாமைக் கலைத்துவிடுவார்கள். இன்றைக்கு மூன்று மணிக்கு அது முடிவாகிவிடும், முடிவு செய்யப்போவது பெர்னார்டு சார் என்றாலும் உண்மையில் முடிவு என் விரலுக்கு அடியில் எட்டு போட்டுக்கொண்டிருக்கிறது. என் கழுத்தில் ஒரு துளி வியர்வை இறங்குகிறது, துடைக்கக் கை இல்லை. தை மாசத்திலேயே சேலம் இப்படிச் சுடுகிறது.

நான் கண்டுபிடித்தது இதுதான், யாரிடம் வேண்டுமானாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன், என் மகளுக்கே போனில் சொல்லிப் புரிய வைத்திருக்கிறேன். பூமிக்குள் பாறை வெடிப்புகளில் சூடான தண்ணீர் ஓடும்போது அதில் கொஞ்சம் கொஞ்சம் தங்கம் கரைந்திருக்கும். அதே வெடிப்பில் பிஸ்மத்தும் இருந்து, சூடும் போதுமான அளவு இருந்தால், பிஸ்மத் உருகித் துளித்துளியாக நிற்கும். இருநூற்று எழுபத்தொரு டிகிரி போதும் அது உருக, தங்கம் கூடவே இருந்தால் அதுகூட வேண்டாம். உருகிய துளி சும்மா இருக்காது. குழம்பில் மேலே மிதக்கிற எண்ணெய் மிளகாயின் நிறத்தையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளுமே, அப்படிச் சுற்றியுள்ள தங்கத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் உருண்டையான பிஸ்மத் துளி, அதற்குள் தங்கம், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே ஒரு வேட்டைக்காரன் வேலை செய்திருக்கிறான் என்று அர்த்தம். ஐப்பசியில் முதல் கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்றைக்கு நான் பார்த்தது அதைத்தான். ரோஸ் கலந்த பால் வெள்ளையில் குட்டிக் குட்டித் துளிகள், வெடிப்புகளில் வழிந்து போயிருக்கின்றன, துளிக்குள் மஞ்சளாகத் தங்கம். பார்த்துவிட்டு நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அதைவிடப் பெரிய விஷயம் துளிகள் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. கல்லின் நேரான ஓரத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன, வளைந்த முதுகுப் பக்கம் போகப் போகக் குறைந்து, கடைசியில் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சூடு நேரான ஓரத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. உருவும்போதே கோரில் திசைக்குறி போட்டுவிடுவார்கள், அதனால் அந்தப் பக்கம் எந்தத் திசை என்று போன் போட்டுக் கேட்டேன். "வடக்கு" என்றார் தனுஷ்கோடி. அப்புறம், "கயலு, கிரானைட்டு அங்கதாண்டி இருக்கு" என்றார், குரல் உடைந்திருந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

தண்ணீர் காய்கிறது, துணி பிடித்து இழுக்கிறது. பீச்சாங்கையால் புட்டியை எடுத்துச் சொட்டு விட்டேன். கல்லைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன், இன்னும் கொஞ்சம். ஓரம் நன்றாக வந்திருக்கிறது, ரெசினும் கல்லும் ஒட்டிய இடத்தில் ஒரு மயிரிழைகூட விரிசல் இல்லை, நகத்தை வைத்து இழுத்தால் தட்டவே இல்லை. முதல் கல்லில் இது தட்டியது. பக்கத்துத் தட்டில்தான் கிடக்கிறது முதல் கல், அதன் மேலும் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். நேரான ஓரத்தில் டக்கென்று விழுகிறது நகம். ரெசின் கல்லை விட்டுப் பிரிந்து நிற்கிறது, இடுக்கில் வெள்ளையாக அலுமினாப் பொடி. அதனால்தான் ஓரம் மங்கல், படத்தில் உறுத்தியதும் அதுதான். ஏன் பிரிந்தது? அதே ரெசின், அதே பாட்டில், கலந்தது இதே கை. வளைந்த முதுகுப் பக்கம் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, நேர் ஓரத்தில் மட்டும் பிடிக்கவில்லை. ஈரம் இருந்தால் ரெசின் பாலாக வெளுத்துப்போகும், இது வெளுக்கவில்லை. ஈரக் கல்லை அனுப்பினால் நான் விடும் டோஸ் முகாமில் எல்லாருக்கும் தெரியும், தனுஷ்கோடிக்கே இரண்டு தடவை விழுந்திருக்கிறது, அதனால் ஈரமாக வர வாய்ப்பே இல்லை. ரெசின் எதில் ஒட்டாது? மெழுகில் ஒட்டாது. சோப்பில் ஒட்டாது. எண்ணெயில் ஒட்டாது.

கல்லுக்கு எதற்கு எண்ணெய்? ரம்பத்தில் எண்ணெய் கிடையாது, தண்ணீர் விட்டுத்தான் அறுக்கிறார்கள். போகட்டும், இதற்கெல்லாம் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. எட்டு, எட்டு. பிஸ்மத்தைப் பற்றி யோசி, அதுதான் உன் பிழைப்பு. வயிற்றுக்கோளாறுக்கு ரோஸ் கலரில் ஒரு மருந்து வருகிறதே, அதில் இருப்பது இதுதான், ஈயத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாலும் ஈயத்தின் விஷம் இதற்கு இல்லை. உறையும்போது சுருங்காமல் விரிகிற விசித்திரம் இதற்கு உண்டு, தண்ணீர் ஐஸ் ஆவது போல. மெருகு போட்ட அன்றைக்கு ரோஸாக இருக்கும், இரண்டு நாள் காற்றுப் பட்டால் பழுப்பேறிவிடும், அதனால் பார்க்க வேண்டியதை உடனே பார்த்துவிட வேண்டும். பழுப்பு. முதல் கல்லை அறுக்கும்முன் அதன் தட்டை முகத்தில் ஒரு பழுப்புப் படலம் இருந்தது. மெல்லியதாக, கொஞ்சம் மினுமினுப்பாக. இரும்புத் துரு என்று நினைத்தேன். துரு மினுமினுக்காது. இருபத்தைந்து வருஷமாகக் கல்லைப் பார்க்கிறவளுக்குத் துரு மினுமினுக்காது என்று தெரியும். அன்றைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற அவசரத்தில் இருந்தேன். அந்தப் பழுப்பு வேறு எதிலோ பார்த்த பழுப்பு, தினமும் பார்க்கிற பழுப்பு, எதில் என்றுதான் பிடிபட மாட்டேன் என்கிறது.

கதவு திறந்தது. "ஆச்சா?" தலை மட்டும் உள்ளே வந்தது, கையில் டீ டம்ளர். "ஆகலை. போங்க, தூசி வரும்." "பெர்னார்டு சார் வந்துட்டாரு. நல்ல மூடுல இருக்காருடி. நல்லாச் சிரிச்சாரு." "சரி, போங்க." "வாழைக்காய் பஜ்ஜி இருக்கு, வேணுமா?" "இந்தக் கையோட எப்படித் திங்கிறது? போங்கன்னா." கதவு சாத்திக்கொண்டது. வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், போன தீபாவளிக்கு எடுத்தது, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. மலையில் இருக்கிறவர் கூட்டத்துக்கு என்று தனியாக மடித்து வைத்து எடுத்து வந்திருக்கிறார். அங்கே துணி மழைக்காலத்தில் காயவே காயாது. ஒரு வாரம் கொடியில் கிடந்தாலும் பிழிந்தால் தண்ணீர் வரும். நான் கல்யாணமான புதிதில் ஒரு ஐப்பசியில் அவருடைய முகாமுக்குப் போனேன், அது வேறு மலை. ஒரே கூடாரம், ஒரே விறகடுப்பு. இவர் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி அதில் தீப்பெட்டியைக் காய வைத்தார், சீட்டுக்கட்டைக் காய வைத்தார், நனைந்த பத்து ரூபாய் நோட்டை ஆமை வடை மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டார், கடைசியில் காலுறையையும். "இதுலயா தோசை சுடுவீங்க?" என்று கேட்டேன். "கழுவிட்டுத்தாண்டி" என்றார், ஏதோ பெரிய சலுகை செய்வதுபோல. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இந்த மனுஷனோடு காலம் தள்ளிவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எண்ணெய் காய்ந்து காய்ந்து ஏறிய பழுப்பு, மினுமினுவென்று, தோசைக்கல்லில்.

விரல் நின்றுவிட்டது. நிற்கக் கூடாது, ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும். எட்டு போடு. இல்லை, அப்படி இருக்காது. அவர் ஜியாலஜிஸ்ட், சின்னப் பிள்ளை இல்லை, சாம்பிளைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்கிற ஆளா? சீட்டுக்கட்டு வேறு, கோர் வேறு. ஐப்பசியில் அவர் போனில் என்ன சொன்னார்? இங்கே மழை விடவே இல்லை, ரம்பத்தில் அறுத்த கல் ஈரமாகவே கிடக்கிறது, நாளைக்கு ஜீப் போகிறது, நீ கவலைப்படாதே, நான் நன்றாகக் காய வைத்து அனுப்புகிறேன். நன்றாக. எதில்? அந்த முகாமில் ஓவன் கிடையாது. வெயில் கிடையாது. கரண்ட் பாதி நேரம் கிடையாது. பிளந்த கோரை எப்படி வைப்பார்கள்? வளைந்த முதுகில் வைத்தால் உருளும். வெட்டின முகம் தட்டையாக இருக்கிறது, அதைக் கீழே வைத்தால் தோசை மாதிரி படிந்து உட்காரும். நேர் ஓரம் என்பது அந்தத் தட்டை முகம்தான். ரெசின் ஒட்டாத ஓரம் அது, பழுப்புப் படிந்த ஓரம் அது, துளிகள் மொய்த்த ஓரமும் அது. அங்கேயிருந்து முதுகு வரை போகப் போகத் துளி குறைகிறது, ஏனென்றால் போகப் போகச் சூடு குறைகிறது. விறகை நன்றாக எரியவிட்டால் வெறும் தோசைக்கல் முந்நூறு டிகிரி சாதாரணமாகப் போகும். பிஸ்மத் உருகியது போக அதில் பாக்கியே இருக்கும். சூடு இந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது என்று நான் பெர்னார்டு சாரிடம் குச்சியை வைத்துக் காட்டினேன். வந்துதான் இருக்கிறது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

கேட்டுவிடலாம். கதவைத் திறந்து, ஏங்க, ஒரு நிமிஷம் என்று கூப்பிட்டால் போதும், அவரிடம் பொய் வராது. அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லை, மின்விசிறியில் காய வைத்தேன் என்று சொல்லிவிட்டால் நான் பைத்தியக்காரி, சந்தோஷமாகப் பைத்தியக்காரி, மூன்று மணிக்குப் போய் ஜோராகப் பேசுவேன். கேட்காமலே இருந்தால்? கேட்காமல் இருந்தால் எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிப் பொறுப்பு? ரெசின் ஓரத்தில் பிரிவது தினம் நடக்கிற சங்கதி. முதல் கல்லின் படங்களைப் போடுவேன், துளை போடுவார்கள், தனுஷ்கோடி வடக்கே போவார், அங்கே தங்கம் இல்லையென்றால் பூமிக்குள் ஆயிரம் காரணம். இந்த இரண்டாவது கல்? ஷெட்டிலேயே காய்ந்து கிடந்தது, அடுப்பு பார்க்காதது. இதுவும் என் கையில்தானே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால், இன்னும் ஒரு இருபது எட்டு போட்டால், பிஸ்மத் பிய்ந்து துணியோடு போய்விடும். குழிதான் மிச்சம். யாரும் கேட்க மாட்டார்கள், பிஸ்மத் அப்படித்தான் என்று எல்லாருக்கும் தெரியும், அங்கயற்கண்ணி கையிலேயே பிய்ந்துவிட்டதா என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போவார்கள். அங்கயற்கண்ணி கையில். சீ. என் கையில் பிஸ்மத் பிய்வதா? நான் யோசித்துக்கொண்டிருந்தாலும் என் விரல்கள் யோசிக்கவில்லை, அவை தம் பாட்டுக்குச் சரியான அழுத்தத்தில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் தைரியம் வருகிறது. எனக்குப் பெர்னார்டு சாரைப் பார்த்துப் பயமில்லை. கூட்டத்தில் தலை குனிவதுகூட ஒரு நாள் கூத்து, மறுநாள் எல்லாருக்கும் மறந்துபோகும். நான் பயப்படுவது அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் முகத்தைப் பார்த்து. அன்றைக்குப் போனில் குரல் உடைந்ததே, அதைத் திருப்பி வாங்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அவருக்குப் பொய்யாக ஒரு துளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் அங்கே குனிந்து குனிந்து தேடுவதை ஒவ்வொரு ராத்திரியும் போனில் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. அது இதைவிட மோசம்.

போதும், மெருகு ஏறிவிட்டது. குழாயில் கழுவினேன், ஆல்கஹால் தெளித்தேன், ஊதிக் காய வைத்தேன். முகம் தெரிகிறது கல்லில், சின்னதாக, நெற்றி மட்டும். கதவைத் திறந்தேன்.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க."

"ஆச்சா?" என்று துள்ளிக்கொண்டுதான் வந்தார்.

"ஐப்பசில ஒரு கல்லு அனுப்புனீங்களே, அதை எதுல காய வச்சீங்க?"

அவர் முகம் சட்டென்று பயந்தது, ஆனால் வேறு பயம். "ஏன், ஈரம் இருந்துச்சா? இருக்காதேடி. பொட்டு ஈரம் இருந்தாலும் நீ தோலை உரிச்சிருவேன்னு, விறகை நல்லா எரிய விட்டு, தோசைக்கல்லை ஏத்தி, தண்ணி தெளிச்சா சுர்ருன்னு பறக்குற சூட்டுல வச்சேன். எல்லாரும் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் எடுக்கலையே!"

"எந்தப் பக்கம் கீழே?"

"வெட்டுன பக்கந்தான். அதுதானே படிஞ்சு உக்காருது. ஒட்டிக்கிறக் கூடாதுன்னு துளி நல்லெண்ணெய் கூடத் தடவுனேன்." பெருமையாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினார். "என்னாச்சு கயலு?"

நான் கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன். முதலில் சாம்பல் நிறத்தில் குவார்ட்ஸ். அப்புறம் கலீனா, ஈயக்கல், தன் முக்கோணக் குழிகளோடு. அதை ஒட்டி பிஸ்மத்தினைட், பிஸ்மத்தும் கந்தகமும் சேர்ந்தது, நீள நீளப் பட்டைகளாக, தட்டைத் திருப்பத் திருப்ப ஒரு பட்டை இருண்டு மறுபட்டை பளிச்சிடுகிறது. பட்டைகளுக்கு நடுவில் தனி பிஸ்மத், ரோஸ் கலந்த பால் வெள்ளை, அன்றைக்குப் பார்த்த அதே நிறம். பிய்யவில்லை, கீறல்கூட இல்லை, என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல மெருகு நான் போட்டதில்லை. அதனால் விளிம்பெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. விளிம்பு கூராக இருக்கிறது. மூலை மூலையாக, வெட்டி வைத்தது போல. உருண்டை இல்லை. துளி இல்லை. வழிந்தது இல்லை. நேர் ஓரத்திலிருந்து முதுகு வரை தட்டை நகர்த்திக்கொண்டே போனேன், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அந்தப் பக்கம் அதிகம் இந்தப் பக்கம் குறைவு என்று எதுவும் இல்லை. தங்கம் ஒரே ஒரு பொட்டு, பிஸ்மத்தைத் தொடாமல், எங்கோ தூரத்தில் ஆர்செனிக் கலந்த ஒரு கல்லின் வெடிப்பில் தனியாக உட்கார்ந்திருந்தது. எந்த வேட்டைக்காரனும் இங்கே வந்ததில்லை. நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "பாருங்க" என்றேன்.

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மைக்ராஸ்கோப் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை, ஆனால் உருண்டைக்கும் மூலைக்கும் வித்தியாசம் தெரிய அதெல்லாம் வேண்டாம். "துளி எங்கடி?" என்றார் தலையைத் தூக்காமலே.

"இதுல கிடையாது."

"அப்ப அதுல இருந்தது?"

"அது உங்க அடுப்புல உருகுனது."

தலையைத் தூக்கினார். "சூடு வடக்க இருந்து..."

"தோசைக்கல்லுல இருந்து வந்துச்சு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையில் டீ ஒரு சொட்டு சிந்தியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவப் போவதுபோலத் திரும்பிக்கொண்டேன், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன், சத்தம் வராமல். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று திரும்பினேன். தோள் குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிக்கிறார். "நல்லெண்ணெய் வேற தடவியிருக்கேன்டி" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் கலந்து மூக்கு ஒழுகியது, முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பிறகு அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் போய்ச் சார்கிட்டச் சொல்றேன். தப்பு என்னுது."

"கண்ணால பார்த்துச் சொன்னது நான். நான்தான் சொல்லணும். நீங்க பின்னால உக்காருங்க."

இரண்டு கல்லும் பக்கத்துப் பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். படத்தோடு கூட்ட அறைக்கு நடந்தேன். நான் பார்த்தது பொய்யில்லை, அது உருகியதுதான், தங்கத்தை இழுத்ததுதான், சூடு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். இந்த லேபில் வேறு யாருக்கும் அது அவ்வளவும் தெரிந்திருக்காது. அடுப்பு மட்டும் வேறு. அதையும் கண்டுபிடித்தது இதே கைதான். போன மாதம் பேசிய அதே குரலில் பேச வேண்டும், ஒரு இழைகூட இறங்கக் கூடாது. கூட்ட அறையில் ஏசி ஓடுகிறது, திரை இறங்கியிருக்கிறது, பெர்னார்டு சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஏழெட்டுப் பேர், எல்லார் முன்னாலும் பஜ்ஜித் தட்டு.

"சொல்லுங்க மேடம்," என்றார் சார். "சூடு எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு உறுதியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்." குச்சியை எடுத்தேன், அதே நேர் ஓரத்தில் வைத்தேன். "தோசைக்கல் பக்கத்துல இருந்து."

யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் புரியவில்லை. நான் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறக்கும்முன் கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. டீ சிந்திய வெள்ளைச் சட்டையோடு தனுஷ்கோடி எழுந்து நின்றிருந்தார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு.

"அடுப்பு என்னோடது சார்," என்றார்.